வாயில் வைத்தாலும்

கரண்ட் போனபோது கோகிலவாணியிடம் கைக்கு ஒன்றாக இரண்டு க்ரேயான் பெட்டிகள் இருந்தன. "அப்படியே நில்லுங்க்கா, ஜெனரேட்டர் போட்டுருவாங்க, பக்கத்துல ஏணி கெடக்குது, கால் வெச்சுராதீங்க" என்று கடைப்பெண் நஸ்ரினின் குரல் முன்பக்கமிருந்து வந்தது. நின்றாள். கோபி பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் இருக்கிற அந்தப் பேப்பர் கடை, வாசலில் ஆள் ஒருக்களித்து நுழைகிற அகலம், உள்ளே போகப் போக ரயில் பெட்டி மாதிரி நீளம், ஜன்னல் என்று பேருக்குக்கூட ஒன்று கிடையாது. வாசலில் விழுந்து கிடந்த வெயிலுக்குக் கடைசி ரேக்குவரை நடந்துவரத் தெம்பில்லை. இப்போதுதான் சிவப்பும் பச்சையும் ஊதாவுமாகக் கண்ணைப் பறித்த ரேக்கு முழுக்க ஒரே கறுப்பு. இத்தனை கலரும் எங்கே போச்சு, எல்லாம் கரண்ட் கம்பி வழியாகத்தான் வந்துகொண்டிருந்ததா. சிரிப்பு வந்தது. இருட்டில் தனியாக நின்று சிரித்தால் அந்தப் பெண் பயந்துவிடும் என்று உதட்டைக் கடித்துக்கொண்டாள். போனை எடுத்து டார்ச் அடிக்கலாம், ஆனால் அதற்கு ஒரு கை வேண்டும், பெட்டியைக் கீழே வைத்தால் ஏணி, மேலே வைத்தால் எது என்னவென்று தெரியாத ரேக்கு. அதோடு சும்மா நிற்பதும் நன்றாகத்தான் இருந்தது. பிள்ளை பிறந்த பிறகு ஓரிடத்தில் சும்மா நிற்க எங்கே வாய்த்தது. அடுப்பு கூப்பிடும், குழாய் கூப்பிடும், மாடு கூப்பிடும், இதெல்லாம் கூப்பிடாத நேரத்தில் தன்ஷிகா கூப்பிடுவாள். இங்கே யாரும் கூப்பிட முடியாது. இடது கையில் இருப்பது பெரிய பெட்டி, கரடி பொம்மை படம் போட்டது, பளபளவென்று பிளாஸ்டிக் மூடி. வலது கையில் இருப்பது சின்னது, பழுப்பு அட்டை, பிளாஸ்டிக் கிடையாது, உள்ளே இருக்கிற கலரெல்லாம் நாலு தரம் துவைத்த சேலை மாதிரி கொஞ்சம் அடங்கின கலர். நஸ்ரின்தான் அதைப் பிரித்துக் காட்டி, "தேன்மெழுகுலயும் காய்கறிச் சாயத்துலயும் பண்ணுனதுங்க்கா, மண்ணுல போட்டா மக்கிரும், வாயில வெச்சாலும் ஒண்ணும் ஆவாது" என்றாள்.

வாயில் வைத்தாலும் ஒன்றும் ஆகாது. அதென்ன வைத்தாலும். வைக்கிற பிள்ளைகளைத்தான் இந்தப் பெண் பார்த்திருக்கிறாள் போல. தன்ஷிகா வைக்கிற ரகம் இல்லை, தின்கிற ரகம். ஆடி மாதம் ஒருநாள் காலையில் பிள்ளை வெளிக்குப் போனதைப் பார்த்துவிட்டு மாமியார் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். சிவப்பு. "கண்ணு, ரத்தமாப் போவுது" என்று அவள் சொன்ன குரல் இன்னும் வாணியின் காதில் இருக்கிறது. வாணியின் புருஷன் ரகுபதி மஞ்சள் களத்திலிருந்து வேலையைப் போட்டது போட்டபடி வந்தான், புருவம் இமையெல்லாம் மஞ்சள்தூள், பிள்ளையை நடுவில் வைத்துக்கொண்டு வண்டியில் பறந்தார்கள், வழியெல்லாம் வாணி வேண்டாத சாமி இல்லை. பெரிய ஆஸ்பத்திரியில் ஒரு டாக்டரம்மா வயிற்றை அமுக்கிப் பார்த்தார், நாக்கை நீட்டச் சொன்னார், என்ன சாப்பிட்டே என்று கேட்டார். பிள்ளை கொஞ்சமும் கூசாமல், "செவப்புத் தின்னேன். பச்சை நல்லால்ல" என்றது. டாக்டரம்மா விழுந்து விழுந்து சிரித்தார். ரகுபதி சிரித்தான், வாணியும் சிரித்தாள், அழுகை வருகிற இடத்தில் அன்றைக்குச் சிரிப்புத்தான் வந்தது. அப்புறம் டாக்டரம்மா பிள்ளையின் கீழிமையை விரலால் இழுத்துப் பார்த்தவர் சிரிப்பை நிறுத்திவிட்டார். சுவர், சுண்ணாம்பு, பல்பம், மண் இதெல்லாம் தின்பாளா என்று கேட்டார். வாணி மெல்லத் தலையாட்டினாள். "அது கொழுப்பு இல்லம்மா, அடிச்சுக் கிடிச்சு வெச்சுராத. ரத்தம் கம்மியா இருந்தா நாக்கு அப்படித்தான் தேடும்" என்று சொல்லிக் கறுப்பாக ஒரு டானிக்கும் பூச்சி மருந்தும் எழுதிக் கொடுத்தார். டானிக் இரும்புக் கம்பியை நக்குகிற மாதிரி இருக்கும். வாணிக்கு அந்த ருசி தெரியும்.

தெரியும் என்பதுதான் விஷயம். வண்டியில் திரும்பி வரும்போது ரகுபதி பேசிக்கொண்டே வந்தான், அவள் காதில் எதுவும் ஏறவில்லை. இது யாரிடமிருந்து வந்தது. அவளிடமிருந்து வந்தது. ஊர்ப் பள்ளிக்கூடத்தில் அவளுக்கு வாங்கிக் கொடுத்த பல்பத்தில் பாதி சிலேட்டுக்கு, பாதி வாய்க்கு. கடைவாய்ப் பல்லில் வைத்து மெல்ல நொறுக்கினால் முதல் மழை மண்ணில் விழுகிற வாசம் மூக்குக்குள் ஏறும், நாக்கில் ஒரு குளிர்ச்சி, ஒரு நறநற, அதற்கு ஈடாக எந்த மிட்டாயும் கிடையாது. டீச்சர் எல்லோருக்கும் புதுப் பல்பம் கொடுப்பார், இவள் முறை வந்தால் மட்டும், "உன்னுதத்தான் மத்தியானச் சோத்துக்குத் தொட்டுக்கிட்டியே கோகிலவாணி" என்பார். வகுப்பே சிரிக்கும், இவளும் சேர்ந்து சிரிப்பாள், சிரிக்கிற வாயில் பல்பம் வெள்ளையாகத் தெரியும். அதெல்லாம் போகட்டும், சின்ன வயசு. மசக்கை வந்தபோது எங்கிருந்தோ அது திரும்பி வந்தது. மாங்காய் வேண்டாம், புளி வேண்டாம், திருநீறு வேண்டும். நெற்றியில் பூசுவதற்கு இல்லை, தின்பதற்கு. மாமியார் திட்டுவாள் என்று பார்த்தால், மசக்கைக்காரி கேட்டதைக் கொடுக்காவிட்டால் பிறக்கிற பிள்ளைக்குக் காது ஒழுகும் என்று சொல்லி, பழனிக்குப் போகிறவர்களிடமெல்லாம் சொல்லிவிட்டுப் பொட்டலம் பொட்டலமாக வரவழைத்தாள். வாணி தின்றாள். மாட்டுக்குத் தண்ணி காட்டிவிட்டு ஒரு விரல், சோறு வடித்துவிட்டு ஒரு விரல். பிள்ளைக்குக் காது ஒழுகவில்லை. காது அருமையான காது, மூன்றாவது வீட்டில் மிட்டாய்த் தாளைப் பிரித்தால் இங்கே கேட்கும். நாக்குத்தான். அத்தனை திருநீறும் எங்கே போயிருக்கும், உள்ளே ஒரு குட்டி உயிர் வாயைத் திறந்துகொண்டு இருந்ததே, அதற்குத்தானே போயிருக்கும், வாயில் வைத்தாலும் ஒன்றும் ஆகாது என்று அப்போதும் எல்லோரும் சொன்னார்கள், சாமி பிரசாதம்தானே என்றார்கள். ஆஸ்பத்திரிக்குப் போவதற்கு முன்னாலேயே பூஜை அலமாரியில் இருக்கிற விபூதிக் கிண்ணம் காலியாகிக்கொண்டே இருந்தது, நிரப்பி வைத்தால் மறுநாள் பாதி, அதற்கு மறுநாள் அடி தெரியும். ரகுபதிக்கு பக்தி முற்றிவிட்டது என்று நினைத்துக் கேலிகூடச் செய்தாள். அப்புறம் ஒரு மத்தியானம் ஸ்டூலைப் போட்டு ஏறி நின்றுகொண்டு, வாயைச் சுற்றி வெள்ளையாக, பிள்ளை அவளைத் திரும்பிப் பார்த்தது. கண்ணாடியைப் பார்த்த மாதிரி இருந்தது வாணிக்கு.

முன்பக்கம் யாரோ ஜெனரேட்டரின் கயிற்றைச் சுண்டி இழுக்கிற சத்தம், அது இருமிவிட்டு அடங்கியது. டீசல் இருக்குதா பாருங்க என்று நஸ்ரின் சொல்வது கேட்டது. பார்க்கட்டும், அவசரமில்லை. ஆஸ்பத்திரியிலிருந்து வந்த அன்றே ரகுபதி வீட்டில் இருந்த கலரையெல்லாம் ஒரு கவரில் போட்டு வேலிக்கு அந்தப் பக்கம் வீசினான். அவனைச் சொல்லியும் குற்றமில்லை, பயந்துபோன மனுஷன். இரண்டு நாள் கழித்து வாசலில் கோழி எச்சம் நீலமாக இருந்தது. "கோழி கலர்க் கோலம் போடுது பாரு" என்று மாமியார் சிரித்தாள். வாணிக்குச் சிரிப்பு வரவில்லை, அந்தக் கோழியின் முட்டையைத்தான் ரத்தம் ஊற வேண்டும் என்று தினமும் காலையில் அவித்துப் பிள்ளைக்கு ஊட்டுகிறாள். வேலிக்கு அந்தப் பக்கம் என்பது வேறு ஊரா என்ன. பிள்ளை வாயிலிருந்து பிடுங்கி வேலியில் எறிந்தால் கோழி வாய், கோழியிடமிருந்து முட்டை, முட்டை மறுபடி பிள்ளை வாய். மழை பெய்தால் வாய்க்கால், வாய்க்காலிலிருந்து மாட்டுத் தொட்டி, தொட்டியிலிருந்து பால். எறிகிற இடம் என்று ஒன்று உலகத்தில் இல்லவே இல்லை, எல்லாம் யாரோ ஒருவர் வாய்தான். அதனால்தான் மண்ணில் போட்டால் மக்கிவிடும் என்று நஸ்ரின் சொன்னபோது அவள் மனசு அந்தப் பழுப்பு அட்டையை உடனே எடுத்துக்கொண்டது. ரகுபதி களத்திலிருந்து வந்து பம்ப்செட்டில் குளித்தால் தண்ணி மஞ்சளாக ஓடி வாழைக்குப் போகும், வாழை அதைக் குடித்துவிட்டு நன்றாகத்தானே குலை தள்ளுகிறது. அந்த மாதிரி ஒரு கலர் இருந்தால் போதும் அவளுக்கு.

வாங்காமலே விட்டிருக்கலாம். பூச்சி மருந்து கொடுத்தாயிற்று, டானிக் ஓடுகிறது, கலர் இல்லாமல் எத்தனையோ பிள்ளைகள் வளர்கின்றன. ரகுபதியும் அதைத்தான் சொன்னான். ஆனால் தன்ஷிகா தரையில் வரைய ஆரம்பித்துவிட்டாள். டம்ளர் தண்ணியை வைத்துக்கொண்டு, விரலை நனைத்து, அந்தச் சிவப்புச் சிமெண்டுத் தரையில். நனைந்த இடம் கறுஞ்சிவப்பாகத் தெரியும், கோடு கோடாக ஓடும், மேலே ஃபேன் சுற்றும், போட்டுக்கொண்டிருக்கும்போதே ஒரு பக்கம் காய்ந்து மறையும். "அம்மா, சீக்கிரம் வா, போயிரும்." வாணி அடுப்படியில் இருப்பாள், கல்லில் தோசை இருக்கும், இரு தங்கம் இதைத் திருப்பிப் போட்டுட்டு வர்றேன் என்பாள். கையைத் துடைத்துக்கொண்டு வந்து பார்த்தால் ஒரு வால் இருக்கும், அல்லது ஒரு கால், பல நாள் ஒன்றுமே இருக்காது, வெறும் தரை. பிள்ளை அழாது, கோபிக்காது, காய்ந்த தரையை விரலால் காட்டி, இங்க யானை இருந்துச்சு, இங்க கோழி இருந்துச்சு, கோழி நீலமா கக்கா போச்சு என்று கதை சொல்லும். ஃபேனை நிறுத்திப் பார்த்தாள், மஞ்சளைக் கரைத்துக் கொடுத்துப் பார்த்தாள், மஞ்சளில் வரைந்த கையைப் பிள்ளை மாமியாரின் வெள்ளைச் சேலையில் துடைத்ததில் வீடே ரணகளம். நிலைப்படி ஓரத்தில் பழைய பெட்டியின் நீலக் கோடு ஒன்று மட்டும் இன்னும் இருக்கிறது, என்றைக்கோ கிறுக்கினது, வாணியே சோப்புத்தூள் போட்டு, தேங்காய் நார் போட்டு, மண்ணெண்ணெய் விட்டுத் தேய்த்தும் போகாதது. போன புதன்கிழமை அவள் ஓடித்தான் வந்தாள், தோசையைத் தீயவிட்டுவிட்டே வந்தாள், அப்படியும் தரை காய்ந்திருந்தது. என்ன தங்கம் போட்டே என்று கேட்டாள். பிள்ளை தரையைப் பார்த்துக்கொண்டே, "இங்க நீ இருந்தே" என்றது.

அன்றைக்குச் சாயங்காலமே முடிவு செய்துவிட்டாள். இன்றைக்குக் காலையில் கிளம்பும்போது ரகுபதி, "வாங்கறதுதான் வாங்கறே, நல்லாக் கசக்கறதாப் பாத்து வாங்கு புள்ள" என்றான். மாமியார், எதை வாங்கினாலும் வேப்பெண்ணெயில் முக்கி எடுத்துக் கொடு என்றாள். நல்ல யோசனைதான், ஆனால் இந்தப் பிள்ளையிடம் கசப்பு செல்லுமா. பால் மறக்கடிக்க வேப்பங்கொழுந்தை அரைத்து மாரில் பூசிக்கொண்டு உட்கார்ந்தாளே வாணி, பிள்ளை வந்தது, வாய் வைத்தது, மூஞ்சியைச் சுளித்தது, அவளை ஏறிட்டு ஒரு பார்வை பார்த்தது, பிறகு நன்றாகச் சப்புக்கொட்டிக் குடித்துவிட்டுத்தான் விட்டது. கசப்பெல்லாம் அதற்குத் தொட்டுக்கொள்ள ஊறுகாய். வாணி இடது கைப் பெட்டியை மூக்குக்குப் பக்கத்தில் கொண்டுவந்தாள். புது பிளாஸ்டிக் குடம், கொஞ்சம் பெயிண்டுக் கடை, கொஞ்சம் மண்ணெண்ணெய். தலையை வலிக்கிற வாசம். வலது கைப் பெட்டியைக் கொண்டுவந்தாள். தேன். அடையிலிருந்து அப்போதுதான் பிழிந்த மாதிரி இல்லை, தேன் இருந்த பாட்டிலைக் கழுவிக் கவிழ்த்து வைத்த மாதிரி ஒரு வாசம், லேசாக, இதமாக. வாயில் எச்சில் ஊறியது. ஊறியதும் பயமும் கூடவே ஊறியது. அம்மாவுக்கே இப்படி என்றால் மகள் சும்மா விடுவாளா, ஒரே நாளில் பெட்டி காலி, வானவில்லே வயிற்றுக்குள். நல்லதை வாங்கினால் பிடித்துப்போய்த் தின்பாள், கெட்டதை வாங்கினால் பிடிக்காமலும் தின்பாள். ஒன்றும் ஆகாது என்கிறார்கள், விஷம் இல்லை என்று அர்த்தம், அவ்வளவுதான். திருநீறும் விஷம் இல்லை, பல்பமும் விஷம் இல்லை. தின்று தின்று சோறு இறங்காமல், கண்ணுக்குக் கீழே வெளுத்து, ஓடினால் மூச்சு வாங்கி, அது ஆகாததா. மண்ணுக்குக் கெடுதல் இல்லை, வாய்க்காலுக்குக் கெடுதல் இல்லை, கோழிக்குக் கெடுதல் இல்லை, எல்லாவற்றுக்கும் நல்லதாக ஒன்றைச் செய்து வைத்திருக்கிறார்கள், அவள் பிள்ளையின் நாக்கு ஒன்றுதான் இடிக்கிறது. இரண்டையும் ரேக்கில் வைத்துவிட்டுப் பஸ் ஏறிவிடலாம். போய், தரையைப் பார்த்துக்கொண்டு நிற்கலாம், இங்க நீ இருந்தே.

எப்படித் தோன்றியது என்று தெரியவில்லை, பெரிய பெட்டியை அக்குளில் இடுக்கிக்கொண்டு சின்னதைத் திறந்தாள். விரலில் எது அகப்பட்டதோ அதை உருவினாள். கறுப்பு இருட்டில் கறுப்பாக ஒரு குச்சி. யார் பார்க்கிறார்கள். கடைவாயில் வைத்து, பல்பத்தைக் கடிக்கிற அதே பக்கத்தில், மெல்லக் கடித்தாள். மெழுகு வளைந்து கொடுத்தது. மென்றாள். காத்திருந்தாள். இப்போது வரும், முதல் மழை வரும், நறநற வரும், தொண்டைக்குள் அந்த இழுப்பு வரும், இன்னும் கொஞ்சம் இன்னும் கொஞ்சம் என்று கை தானாகப் போகும். நாக்கு வாய் முழுக்கத் தேடியது. ஒன்றும் இல்லை. பிறந்தநாள் கேக்கில் ஒட்டியிருக்கிற மெழுகுவர்த்தித் துணுக்கு, அவ்வளவுதான், துப்ப இடம் இல்லாமல் முழுங்கினாள். அந்த ஆசையைக் காணோம். இருட்டில் தன் வாய்க்குள்ளேயே தேடிக்கொண்டு நின்றாள், சாவியைத் தொலைத்தவள் மாதிரி. எப்போது போச்சு. ஏழாம் மாசம் நர்ஸம்மா வீட்டுக்கு வந்து, மாத்திரையெல்லாம் பரணில் போடுகிறாயா வயிற்றில் போடுகிறாயா என்று கேட்டு, எதிரில் நின்று விழுங்க வைத்துவிட்டுப் போனார்களே, சிவப்பு மாத்திரை, இரும்பு ஏப்பம் வரும், அதற்கப்புறமா. பிள்ளை பிறந்த பிறகு பழனிப் பொட்டலம் ஒன்று பிரிக்காமலே அலமாரியில் கிடந்ததே. அது போகும்போது சொல்லிவிட்டுப் போகவில்லை. திட்டியும் போகவில்லை, கிள்ளியும் போகவில்லை, காரம் தடவியும் போகவில்லை, உடம்பில் ரத்தம் ஏற ஏற, விடியக் காலையில் நிலா மறைகிற மாதிரி யாருக்கும் தெரியாமல் போயிருக்கிறது. அலமாரி. அலமாரி என்றதும் மனசு எதிலோ தட்டி நின்றது. வெள்ளிக்கிழமை விளக்குத் துலக்கினாள், குத்துவிளக்கை இறக்கினாள், குங்குமச் சிமிழைத் துடைத்தாள், விபூதிக் கிண்ணத்தை நகர்த்தினாள். நகர்த்தும்போது கொஞ்சம் சிந்தியது. சிந்தினதை விரலால் வழித்து நெற்றியில் பூசிக்கொண்டாள். சிந்துகிற அளவுக்கு இருந்தது. நிரப்பினது அதற்கு முந்தின வெள்ளிக்கிழமை. ஒரு வாரம், ஸ்டூலும் அதே இடத்தில்தான் இருந்தது, பிள்ளையும் வீட்டில்தான் இருந்தாள். கிண்ணம் குறையவில்லை. பார்த்துக்கொண்டே பார்க்காமல் இருந்திருக்கிறாள். பயத்துக்கு இருக்கிற கண் நல்லதுக்கு இருப்பதில்லை. நெஞ்சுக்குள் ஏதோ ஒன்று மெதுவாகக் கீழே உட்கார்ந்தது, நாள் முழுக்க நின்றுகொண்டிருந்த ஆள் உட்காருகிற மாதிரி.

ஜெனரேட்டர் உறுமியது. ரேக்கு முழுக்கக் கலர் ஒரே பாய்ச்சலில் திரும்பி வந்தது, கண் கூசியது. வாணி கையைப் பார்த்தாள். அவள் கடித்தது வெள்ளை. எந்தப் பிள்ளையும் தொடாமல் பெட்டியில் கடைசிவரை மிஞ்சுகிற வெள்ளை, நுனியில் பல்லின் தடத்தோடு, அசல் பல்பம் மாதிரியே இருந்தது. நிமிர்ந்தால் எதிரில் நஸ்ரின், கையில் எரிந்துகொண்டிருக்கிற டார்ச்சை அணைக்க மறந்து, குச்சியையும் அவள் வாயையும் மாறி மாறிப் பார்த்தபடி.

"ஒண்ணும் ஆவாதுன்னு சொன்னியே, அதான் பாத்தேன்" என்றாள் வாணி.

"எங்க கடையில இதுவரைக்கும் யாருமே டெஸ்ட் பண்ணிப் பாக்கலீங்க்கா" என்று சொல்லிவிட்டு அந்தப் பெண் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தது. சிரிப்பு அடங்கினதும், எப்படீங்க்கா இருக்குது என்றும் கேட்டது. ஒரு ருசியும் இல்லை, பிள்ளை ஒரு தரம் கடிக்கும், மறுதரம் கடிக்காது என்று வாணி சொன்னாள், சொல்லும்போதுதான் தான் அதை நம்புவது அவளுக்குத் தெரிந்தது. கரடிப் பெட்டியை ரேக்கில் திருப்பி வைத்தாள். பில் போடுகிற இடத்துக்கு நடக்கும்போது போன் அடித்தது, மாமியார் நம்பர், ஆனால் மூச்சு மாமியாருடையது இல்லை. "அம்மா, எங்க இருக்கே? சீக்கிரம் வா, போயிரும்."

"போவட்டும் தங்கம்" என்றாள். "அம்மா வந்ததும் இன்னொருக்காப் போடலாம்."

அந்தப் பக்கம் பிள்ளை போனைத் தரையில் போட்டுவிட்டு ஓடியது, ஃபேன் சுற்றுகிற சத்தம் கேட்டது. நஸ்ரின் பெட்டியை வாங்கிப் பார்த்து, கடித்த குச்சிக்குப் பதில் வேறு போட்டுத் தரட்டுமா, பாப்பா பேப்பரில் வரையுமா சுவரில் வரையுமா என்று கேட்டாள். தரையில் என்றாள் வாணி. ஐயோ தரையிலேன்னா மெழுகு ஏறிக்குங்க்கா, அப்புறம் என்ன தேய்ச்சாலும் போவாது என்று அந்தப் பெண் நல்ல எண்ணத்தில்தான் சொன்னது. நிலைப்படி ஓரத்து நீலக் கோடு வாணியின் கண்ணுக்குள் ஒரு நிமிஷம் நின்றது. சோப்புத்தூள், தேங்காய் நார், மண்ணெண்ணெய். தெரியும் என்று சொல்லிவிட்டு, பில் போடச் சொன்னாள்.